சம்பளக் காசு டவுனுக்கு, மாசக் கடைசிக் கடன் எங்கள் கொப்பிக்கு: கடையை மூடுவதா?

கொப்பிக்கடை மகன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் வழியில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. ‘சந்திக்கடை’ என்றால் தேயிலைத் தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் (பிரிவுக்கும்) தெரியும். அப்பா 1987இல் தொடங்கியது. நீலக் கதவு, பதினான்கு அடிக்கு இருபது அடி, உள்ளே ஒரு மாமூட்டை, ஒரு சீனி மூட்டை, இரண்டு அரிசி மூட்டை, அப்புறம் மேலே கயிற்றில் தொங்கும் ஷாம்பு, தேயிலை, பிஸ்கட் பாக்கெட்டுகள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கடன் எழுதும் மூன்று கொப்பி. ஒரு டிவிஷனுக்கு ஒரு கொப்பி.

டவுனில் மூன்று மாடிக் கொம்பிளெக்ஸ் ஒன்று திறந்து ஒன்றரை வருடமாகிறது. கீழே சுப்பர் மார்க்கெட், மேலே துணி, செருப்பு, போன், அதற்கும் மேலே சாப்பாட்டுக் கடைகள். பெயர் வேண்டாம், இது அவர்களோடு சண்டை போட எழுதுவது இல்லை.

ஆட்கள் வருவது நின்றுபோகும் என்றுதான் நாங்கள் பயந்தோம். நிற்கவில்லை. கடையில் முன்பைவிடக் கூட்டம்கூட இருக்கிறது, ஆனால் கல்லாப்பெட்டியில் காசு இல்லை. ஏன் என்று எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது. பத்தாம் திகதி சம்பளம். முன்பெல்லாம் அன்று பின்னேரம் கடை வாசலில் நிற்க இடமிருக்காது. பழைய கணக்கைத் தீர்த்து, அடுத்த மாதத்துக்கு மா, அரிசி, பருப்பு, சீனி, டின் மீன் என்று மொத்தமாக வாங்கிப் போவார்கள். இப்போது பத்தாம் பதினோராம் திகதிகளில் டவுனிலிருந்து வரும் ஐந்தரை மணி பஸ்ஸில் எல்லார் கையிலும் அந்தக் கொம்பிளெக்ஸ் பை. பஸ் எங்கள் கடைக்கு எதிரேதான் நிற்கிறது. இறங்குகிறவர்கள் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, குடையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, அப்பாவைப் பார்க்காதது போல ஏறிப் போகிறார்கள். இருபதாம் திகதிக்குப் பிறகு அதே வீட்டுப் பிள்ளை வந்து, “தாத்தா, அரைக் கிலோ மாவும் நூறு கிராம் பருப்பும் அம்மா எழுதிக்கச் சொன்னாங்க” என்று நிற்கும்.

அதாவது காசுக்கு வாங்குகிற பாதி டவுனுக்குப் போய்விட்டது, கடனுக்கு வாங்குகிற பாதி எங்களிடம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபா ஆனது, 2024இல் 1350 ஆனது. ஏறிய காசு கடைக்கு வரும் என்று அப்பா கணக்குப் போட்டார், அது பஸ் ஏறிப் போய்விட்டது. எங்களுக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரி முன்பு பதினான்கு நாள் தவணை தந்தவர், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கைக்குக் கை என்கிறார். கொப்பியில் இப்போது வரவேண்டியது நாலு லட்சத்துக்கு மேல். அப்பாவுக்கு 67 வயது, நான் கொழும்பில் வேலை. மூடுவதா, நடத்துவதா? உங்கள் ஊரில் என்ன நடந்தது?


டிக்கோயாப் பாலம்:

தம்பி, கோபப்படாதே, நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். இந்தச் சின்னக் கடைக்காரர்கள் எங்களை எப்படி நடத்தினார்கள் என்று யாராவது எழுத வேண்டும்.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவன். எங்கள் அம்மா சாமான் வாங்கிய கடையில், பெயர் எதற்கு, ஆள் இப்போது உயிரோடும் இல்லை, காசுக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. தராசுத் தட்டுக்கு அடியில் என்ன ஒட்டியிருந்தது என்று முருகனுக்குத்தான் தெரியும், ஒரு கிலோ வீட்டுக்கு வந்தால் தொள்ளாயிரம்தான். துரை பங்களாவிலிருந்தோ உத்தியோகத்தர்களின் ஸ்டாப் குவார்ட்டர்ஸிலிருந்தோ யாராவது வந்தால் அம்மா ஒதுங்கி நிற்க வேண்டும். “இரு தாயே, ஐயாவுக்குக் குடுத்துட்டு வாரேன்.” அந்த ‘இரு தாயே’யில் அரை மணி நேரம் போகும், கொழுந்து பறித்துவிட்டு வந்த கால்.

2022இல் பால்மா எங்கே போனது? கம்பெனி லொறி வந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். மறுநாள் கேட்டால் முடிந்துவிட்டது என்றார்கள், பின்கதவால் கூடிய விலைக்கு வந்தது.

இப்போது என் மனைவி அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறாள். சாமானைத் தொட்டுப் பார்க்கிறாள், விலையைப் பார்க்கிறாள், பிடிக்காவிட்டால் திரும்ப வைக்கிறாள். யாரும் ‘என்ன வேணும்’ என்று அதட்டுவதில்லை. வரிசையில் அவளுக்கு முன்னால் டாக்டர் நின்றாலும் அவரும் வரிசைதான். இதற்கு நான் ஐந்து ரூபா கூடக் கொடுப்பேன். ஆனால் அங்கே விலை குறைவு வேறு.


கொப்பிக்கடை மகன்:

அண்ணே, கோபம் இல்லை. நீங்கள் சொன்னதில் எங்கள் கடையும் கொஞ்சம் இருக்கிறது. கடன் விலை எங்களிடமும் உண்டு, பருப்புக் கிலோவுக்குப் பத்து ரூபா கூட. தராசில் அப்பா விளையாடியது இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன், அதை நீங்கள் நம்ப வேண்டும் என்று இல்லை.

பால்மா விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு வந்தது வாரத்துக்குப் பன்னிரண்டு பாக்கெட். கைக்குழந்தை இருக்கும் வீடுகளை அப்பா ஒரு துண்டில் எழுதிவைத்து அவர்களுக்கு மட்டும் கொடுத்தார். மற்றவர்களிடம் இல்லை என்றார். அவர்கள் எல்லாரும் ஒளித்துவைத்து விற்கிறான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதம் அளவுக்குப் போனது, போன வாரம் விற்ற காசுக்கு இந்த வாரம் பாதி மூட்டைதான் வரும். எங்கள் முதல் அப்போதே பாதி கரைந்துவிட்டது. கொம்பிளெக்ஸ் வந்தது அதற்கு அப்புறம்.


மூன்றாம் கவுண்டர்:

நான் இதை வாசித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் வேலை செய்வதே இப்படி ஒரு சுப்பர் மார்க்கெட்டில், அதனால் சொல்கிறேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.

ஓ.எல். பரீட்சை முடித்துவிட்டு முதலில் டவுனில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். காலை எட்டரையிலிருந்து இரவு ஏழரை வரை. உட்கார ஸ்டூல் கிடையாது, சம்பளத் துண்டு கிடையாது, இ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) என்ற வார்த்தையே அங்கே கிடையாது. தீபாவளிக்கு ஒரு சுடிதார் துணி. முதலாளி நல்லவர்தான், ‘மகள் மாதிரி’ என்பார். மகளுக்கு யார் சம்பளத் துண்டு கொடுப்பது?

இங்கே இ.பி.எப்.புக்கு என் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள், அவர்கள் 12 வீதம் போடுகிறார்கள், இ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் தனி. லீவு எழுதிக் கேட்டால் கிடைக்கும், எல்லா நாளும் இல்லை. கால் வலி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று. சின்னக் கடையைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிறவர்கள் அந்தக் கடையில் நிற்கிற பிள்ளையையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

ஆனால் பத்தாம் திகதி கவுண்டரில் நான் பார்ப்பதையும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு அக்கா வந்தார், விரலிலெல்லாம் கொழுந்துக் கறை. கையில் ஒரு ஐயாயிரம் ரூபா தாளும் இரண்டு ஆயிரமும். ட்ரொலியில் இருந்த எல்லாவற்றையும் அடித்து முடித்தேன், எட்டாயிரத்துச் சொச்சம் வந்தது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் சோயா மீற். பிறகு சவர்க்காரம் மூன்றில் இரண்டு. பிறகு டின் மீன். பிள்ளைக்கு எடுத்த சொக்லட் தானியப் பெட்டி மட்டும் கடைசிவரை இருந்தது, அது ஒன்றே ஆயிரத்தைத் தாண்டும். ஒவ்வொரு சாமானையும் பில்லிலிருந்து எடுக்க சுப்பர்வைசர் வந்து சாவி போட வேண்டும், அதுவரை வரிசை நிற்கும், அந்த அக்கா யாரையும் பார்க்காமல் அந்தப் பெட்டியின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் அதட்டவில்லை, உண்மைதான். அதட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. எங்களிடம் ஐம்பது ரூபாவுக்குத் தேங்காய் எண்ணெய் கிடையாது. போத்தல்தான். பாதித் தேங்காய் கிடையாது. அதனால் மாசக் கடைசியில் நானும் எங்கள் லயத்துக்குக் கீழே இருக்கிற கடையில் கடனுக்குத்தான் வாங்குகிறேன். வேலை செய்வது எங்கே, கடன் எங்கே, பாருங்கள்.


கண்டிச் சந்து நானா:

நான் கண்டியில் துணி வியாபாரம். கொழும்பு வீதிப் பக்கம் ஒரு சந்தில், வாப்பா காலத்துக் கடை. தலதா வீதியில் கே.சி.சி. என்கிற கண்டி சிட்டி சென்டர் 2005இல் திறந்தபோது எங்கள் சந்தே பதறியது. எஸ்கலேட்டர் பார்க்கவே கம்பளை, நாவலப்பிட்டியிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இனி நம் கதை முடிந்தது என்று வாப்பா ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை.

இருபது வருடம் ஓடிவிட்டது. எங்கள் சந்தில் யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறேன். கசெட், சி.டி. விற்றவர் போனார், ஆனால் அவரைத் தின்றது போன். அன்பளிப்புச் சாமான் கடை போனது. விளையாட்டுச் சப்பாத்து விற்றவர் போனார். பாடசாலைச் சீருடைத் துணி, சாரி பிளவுஸ், லைனிங், தையல் சாமான் விற்கிற நாங்கள் இருக்கிறோம். ஜனவரியில் பாடசாலை திறக்கும்போது மூன்று மீற்றர் துணி கொடுத்து, கூடவே எந்தத் தையல்காரர் நாளைக்கே தைத்துத் தருவார் என்று சொல்லி அனுப்புவோம். அதை மாடியில் யார் செய்வார்?

என் கூட்டாளி ஒருவர் வேறொரு கொம்பிளெக்ஸில் மேல்மாடியில் கடை எடுத்தார், பெயர் சொல்லவில்லை. முற்பணமே ஒரு வீட்டுக் காசு. வாடகை, பராமரிப்புக் கட்டணம், ஏசிக்குப் பங்கு, இதெல்லாம் மாதம் பிறந்தால் வந்து நிற்கும், வியாபாரம்தான் வராது. கீழ்மாடிக்கு வருகிற சனத்தில் பாதி மேலே ஏறாது. மூன்று வருடத்தில் திரும்பவும் சந்துக்கு வந்துவிட்டார். ‘படியேறிப் பட்டினி கிடந்தேன் மச்சான்’ என்பார்.

அதனால் மகனே, கொம்பிளெக்ஸ் வந்தால் எல்லாச் சின்னக் கடையும் சாகும் என்று அழவும் வேண்டாம், ஒன்றும் ஆகாது என்று இருக்கவும் வேண்டாம். அவனிடம் இருக்கிற அதே சாமானை அவனைவிடக் கூடிய விலைக்கு விற்கிறவன் போவான். உங்கள் கயிற்றில் தொங்குகிற ஷாம்பு முதலில் போகும். ஆனால் என் வியாபாரத்தில் கடன் கிடையாது. உங்கள் வியாதி அது, என் மருந்து அதற்குச் சரிவருமா என்று எனக்குத் தெரியவில்லை.


கரட்பாத்தி:

நுவரெலியாப் பக்கம் மரக்கறி செய்கிறவன். யாரும் தொடாத ஒரு இடம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சுப்பர் மார்க்கெட் கம்பெனிகள் இப்போது தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வந்து மரக்கறி வாங்குகின்றன. கார்கில்ஸ் 1999இல் ஹங்குரன்கெத்தவில் தொடங்கியது, பிறகு மற்றவர்களும் வந்தார்கள். விவசாயிக்கு இது நல்லது, பொய் சொல்லக் கூடாது. முன்பு கமிஷன்காரனிடம் மூட்டையைக் கொடுத்தால், அவன் இரவோடு இரவாகக் கொழும்புக்கு ஏற்றி, இரண்டு நாள் கழித்து ‘இன்றைக்கு மார்க்கெட் படுத்துவிட்டது’ என்று ஒரு துண்டு அனுப்புவான். மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று வேறு. இப்போது டிஜிட்டல் தராசு, எழுதின விலை.

ஆனால் அவர்கள் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. எங்கள் பக்கம் வருகிறவர்கள் கரட் நேராக இருக்க வேண்டும், இத்தனை அங்குலம் இருக்க வேண்டும், வெடிப்பு கூடாது, இரட்டை வால் கூடாது என்பார்கள். நூறு கிலோ கொண்டுபோனால் முப்பது நாற்பது திரும்பி வரும் நாளும் உண்டு. திரும்பி வந்ததை என்ன செய்வது, கொட்டவா? நுவரெலியாப் பொருளாதார மத்திய நிலையம் என்கிற மொத்தச் சந்தைக்கு ஏற்றுவோம். அங்கிருந்து சின்ன லொறிக்காரர்கள் எடுத்துத் தோட்டப் பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறார்கள்.

அதாவது உங்கள் அப்பாவின் கடையில் கூடையில் கிடக்கிற வளைந்த கரட், சுப்பர் மார்க்கெட் வேண்டாம் என்று சொன்ன என் கரட்டாக இருக்கலாம். ருசி ஒன்றுதான். சின்னக் கடைகள் எல்லாம் மூடினால் அந்த முப்பது கிலோவை நான் மாட்டுக்குத்தான் போட வேண்டும்.


சில்லறை அண்ணாச்சி:

பண்டாரவளைப் பக்கம் 22 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், எங்கள் டவுனுக்கும் ஒன்றுக்கு மூன்று சுப்பர் மார்க்கெட் வந்துவிட்டது, நான் இன்னும் இருக்கிறேன். எப்படி என்று கேட்டால் பாதி புத்தி, பாதி வெட்கம் கெட்டதனம்.

விலைச் சூத்திரம் முதலில். நாங்கள் பருப்பு வாங்குவது டவுன் ஹோல்சேல்காரரிடம். அவர் வாங்குவது கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில். அங்கே வைப்பது இறக்குமதியாளர். லொறிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம். பெரிய கம்பெனி இறக்குமதியாளரோடு நேரே பேசுகிறது, சொந்த லொறியில் ஏற்றுகிறது. அதிலும் பெரிய விஷயம் தவணை. சோப்புக் கம்பெனி அவர்களுக்குச் சாமானைக் கொடுத்துவிட்டுக் காசுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கும். அவர்கள் நம்மிடம் காசை வாங்கிய பிறகுதான் அவனுக்குக் கொடுக்கிறார்கள். நான்? லொறி வாசலில் நிற்கும்போதே காசு எண்ண வேண்டும், பிறகு அதே சோப்பை முப்பது நாள் கடனுக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஊரார் காசில் வியாபாரம் செய்கிறார்கள், நாம் நம் காசில் ஊருக்கு வட்டியில்லா வங்கி நடத்துகிறோம். (கடன் விலை பத்து ரூபா என்று டிக்கோயா தம்பி பிடித்துக்கொள்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி, வராத கடனுக்கு அது காணாது.)

அடுத்தது கட்டுப்பாட்டு விலை. 2024 டிசம்பரில் அரிசிக்கு உச்ச விலை போட்டார்கள், நாட்டரிசி கிலோ 230. சனங்களுக்கு நல்லது, நான் குறை சொல்லவில்லை. எனக்கு ஹோல்சேலில் வந்த விலையே அதைத் தொட்டு நின்றது, சில கிழமை தாண்டியும் போனது. பில் கேட்டால் 230க்குக் கீழே எழுதித் தருவார்கள், கையில் வாங்குவது வேறு. 2021இல் பாவனையாளர் சட்டத்தைத் திருத்திய பிறகு, உச்ச விலைக்கு மேல் விற்றால் தனி ஆளுக்கு அபராதம் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை, கம்பெனிக்கு ஐந்து லட்சத்திலிருந்து ஐம்பது லட்சம். கம்பெனிக்கு ஐந்து லட்சம் ஒரு காலை நேர வியாபாரம். எனக்கு ஒரு லட்சம் என்றால் கடைக்குப் பூட்டு. அதனால் இரண்டு மாதம் அரிசியே வைக்கவில்லை. அரிசி இல்லாத கடைக்கு யார் வருவான்? அந்த இரண்டு மாதத்தில் போன பதினாறு வீடு இன்னும் திரும்பவில்லை.

சரி, நான் செய்தது. ஷாம்பு, பவுடர், பிஸ்கட் பெட்டி எல்லாவற்றையும் பாதிக்கு மேல் குறைத்தேன், கண்டி நானா சொன்ன அதே காரணம். காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சுடச்சுடப் பான், ரோல்ஸ், ஒரு பிளேன்டீ. அந்த நேரத்தில் எந்தக் கண்ணாடிக் கதவும் திறந்திருக்காது. போன் ரீலோட், மின்சாரப் பில், காஸ் சிலிண்டர். கோழித்தீன் கால் மூட்டை, அரை மூட்டை என்று பிரித்துக் கொடுப்பேன். யூரியாவும் அப்படித்தான். ‘சின்னதாகப் பிரித்துத் தா’ என்று கேட்க முடியாத இடம் அது, கேட்கக் கூடிய இடம் நம் கடை. நம் வியாபாரமே அதில்தான் இருக்கிறது.

கொப்பியைப் பற்றி. ஒரு வீட்டுக்கு ஒரு எல்லை போடு. என் எல்லை ஏழாயிரம். அதைத் தொட்டால் சிவப்புப் பேனாவால் கோடு, பழையதில் பாதி வந்தால்தான் அடுத்த வரி. முதல் மாதம் திட்டினார்கள். ஒரு ஆள் வாசலில் நின்று என் குலத்தையே இழுத்தான். இரண்டாம் மாதம் பத்தாம் திகதி அவனே வந்து முதல் ஆளாகக் கட்டினான், ஏனென்றால் இருபத்தைந்தாம் திகதிக்கு அவனுக்கும் போக வேறு இடமில்லை.


பனிமூட்டம்77:

அண்ணாச்சி பிளேன்டீ எவ்வளவு என்று சொல்லவே இல்லை.


சில்லறை அண்ணாச்சி:

வந்து குடித்துவிட்டுக் கேள். எழுதிக்கொள்ள மாட்டேன்.


ஆற்றோரம்:

நான் கொத்மலைப் பக்கம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்களுக்கு மேலேயும் கீழேயும் ரோடு போய்விட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. டவுனில் சுப்பர் மார்க்கெட் இருந்தது, இரண்டாம் நாளே அங்கே பான், தண்ணீர், மெழுகுவர்த்தி எல்லாம் முடிந்துவிட்டதாகக் கேள்வி, லொறி வந்தால்தானே சாமான் வரும். அதுவும் எங்களுக்கு எட்டாத தூரம், நடுவில் மலை இறங்கிக் கிடந்தது.

எங்கள் வளைவில் ஒரு பெட்டிக்கடை. நடத்துகிற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஒன்பது நாள் அந்தக் கடைதான் நாற்பது குடும்பத்துக்குச் சோறு. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ அரிசி, தலைக்கணக்குப் பார்த்துக் கூடக்குறைய. கொப்பி நனைந்துவிட்டதால் சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து அதில் எழுதினார். ரோடு திறந்த பிறகு அந்த அட்டைகளை ஒரு ஊசியில் குத்தி வைத்திருந்ததை நான் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் கட்டிவிட்டார்கள். மூன்று அட்டைக்கு ஆளே இல்லை, மண்ணுக்குள் போய்விட்டார்கள். அந்த மூன்றையும் அவர் இன்னும் கழற்றவில்லை.


டிக்கோயாப் பாலம்:

அந்த அம்மாவுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அதே கிழமை எங்கள் டவுனில் ஒரு சின்னக் கடையில் மெழுகுவர்த்தி இரண்டு மடங்கு விலை. அதையும் எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னக் கடை எல்லாம் கோயில் என்று ஆகிவிடும். விலைச்சீட்டை மீறி விற்றால் 1977க்கு அடிக்கலாம், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் நம்பர் அது. அப்போது போன் வேலை செய்யவில்லை என்பது வேறு கதை.

அண்ணாச்சி சொன்ன ஒன்று மட்டும் எனக்குக் குத்துகிறது. என் மனைவி மாதம் முழுக்க அங்கேதான் வாங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். நேற்று கேட்டேன். இருபதுக்குப் பிறகு கீழ்க்கடையில் எழுதிக்கொள்கிறாளாம், என்னிடம் சொல்லவில்லை. நான் திட்டுவேன் என்று பயம். எவ்வளவு என்று கேட்டேன், ஐயாயிரத்து அறுநூறு. போய்க் கட்டினேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, “உட்காருங்க தம்பி” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்தக் கடையில் எங்கள் ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கொம்பிளெக்ஸ் வந்ததால் வந்த ஸ்டூல் அது, அதை யாரும் மறுக்க முடியாது.


கொப்பிக்கடை மகன்:

இரண்டு கிழமையாக எழுத முடியவில்லை, ஊருக்குப் போயிருந்தேன். எல்லாருடைய பதிலையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடையைச் சாத்திய பிறகு, மாமூட்டை மேல் அவர் உட்கார, நான் போனைப் பிடித்துக்கொண்டு. டிக்கோயா அண்ணனுடைய முதல் பதிலுக்கு, தராசு என்ற இடத்தில், அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான்.

மூன்று கொப்பியையும் புரட்டினோம். வராது என்று இருவரும் ஒத்துக்கொண்டவை பதினொரு பக்கம். கொழும்புக்கு வீட்டு வேலைக்குக் குடும்பத்தோடு போனவர்கள் ஆறு, செத்தவர்கள் மூன்று, சண்டை போட்டுக்கொண்டு போனவர் இரண்டு. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்றேன். கிழிக்க வேண்டாம், மடித்துவை என்றார்.

எல்லை வைக்கச் சம்மதித்தார், ஆனால் அண்ணாச்சியின் ஏழாயிரம் அவருக்குக் கூட என்று படுகிறது. ஐயாயிரம், பிள்ளை பிறந்த வீட்டுக்கு எட்டாயிரம். கடன் விலையை எடுத்துவிடுவதாகவும் சொன்னார், அதை நான் கேட்கவே இல்லை. கயிற்றில் தொங்கிய ஷாம்புவைக் கழற்றினோம், அந்தச் சுவர் இப்போது அசிங்கமாக இருக்கிறது. அதிகாலைப் பானுக்கு டிக்கோயா பேக்கரியில் பேசியிருக்கிறேன். ஆறு மாதம் பார்ப்போம் என்கிறார். கடை வாடகை இல்லை, சொந்த இடம், அதனால்தான் இந்த ஆறு மாதமே. வாடகைக் கடையாக இருந்தால் நான் இந்நேரம் பூட்டைப் போட்டிருப்பேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கடைசியாக அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். மூன்றாம் கவுண்டர் தங்கச்சி எழுதியதை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ‘லயத்துக்குக் கீழே இருக்கிற கடை’ என்று எழுதியிருக்கிறதே, அந்தப் பிள்ளை எந்த டிவிஷன் என்று கேள் என்றார்.


மூன்றாம் கவுண்டர்:

நீலக் கதவு என்று முதல் பதிவில் வாசித்தபோதே எனக்குத் தெரியும்.

டிவிஷன் சொல்ல மாட்டேன். இரண்டாவது கொப்பியில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தாம் திகதி அம்மா வந்து கட்டுவார். ஆனால் போன மாதம் நாங்கள் வாங்காத ஒரு டின் மீனை தாத்தா கூடப் போட்டிருக்கிறார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.